முதல் இஎம்ஐ வருவதற்கு முன்பே முடிந்துவிடும் கணக்கு

ஆறு லட்சம் ரூபாய் கல்விக் கடனில் பொறியியல் படித்த ஒருவர் முதல் தவணை கட்ட வேண்டிய நாளில், அவருடைய கடன் கணக்கில் 8 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் நிற்கும். இதில் வங்கியின் தில்லுமுல்லு எதுவும் இல்லை. ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வீதம், நான்கு ஆண்டுகளும் ஆண்டுத் தொடக்கத்திலேயே வங்கி கல்லூரிக்குப் பணம் அனுப்புகிறது. வட்டி 10 சதவீதம், தனி வட்டி. படிப்பு முடிந்த பிறகு இன்னும் ஓராண்டு மாரடோரியம், அதாவது தவணை கட்ட வேண்டாத காலம். ஆக முதல் ஒன்றரை லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி, இரண்டாவதற்கு நான்கு, மூன்றாவதற்கு மூன்று, கடைசியாக வந்ததற்கு இரண்டு. கூட்டிப் பார்த்தால் 2 லட்சத்து 10 ஆயிரம். தவணை தொடங்கும் நாளில் இந்த வட்டி அசலோடு சேர்ந்துவிடும். அன்றிலிருந்து வட்டிக்கும் வட்டி.

8 லட்சத்து 10 ஆயிரத்தைப் பத்தாண்டில் அடைக்க மாதம் 10,704 ரூபாய் ஆகும். பதினைந்து ஆண்டு என்றால் 8,704. பெரிய மென்பொருள் சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேர்பவருக்குச் சம்பளம் ஆண்டுக்கு மூன்று முதல் நான்கு லட்சம். பத்தாண்டுக்கும் மேலாக ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. பிடித்தம் போகக் கையில் வருவது 22,000, 25,000. சென்னையிலோ பெங்களூரிலோ அறை வாடகையும் சாப்பாடும் போக அதில் பத்தாயிரத்தை எங்கிருந்து எடுப்பது? கவுன்சலிங் வழியாகச் சேரும் நானூற்றுச் சொச்சம் கல்லூரிகளில், இந்தச் சம்பள வேலைகூட எல்லாருக்கும் கிடைக்கும் கல்லூரிகள் எத்தனை என்பது வேறு கதை.

கல்விக் கடனைப் பற்றி வீடுகளில் பேச்சு எழுவது வழக்கமாக இரண்டு சமயத்தில்தான்: கடன் கிடைக்குமா என்று அலையும் ஜூன், ஜூலையில் ஒன்று, தவணை நோட்டீஸ் வரும்போது இன்னொன்று. நடுவில் இருக்கும் ஐந்தாண்டில் கணக்கை யாரும் திறந்து பார்ப்பதில்லை. கடன் எவ்வளவு பெரிதாக முடியும் என்பது அந்த ஐந்தாண்டில்தான் முடிவாகிறது.

முதலில் ஃபீஸ். 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்ததிலிருந்து, தமிழ்நாட்டில் ஒரே வகுப்பில் ஒரே பாடம் படிக்கும் இரண்டு பேர் இரண்டு விலை கொடுக்கிறார்கள். 2017இல் கட்டண நிர்ணயக் குழு வைத்த டியூஷன் ஃபீஸ், கவுன்சலிங் இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு 85,000, 87,000. இது காகிதத்தில் இருப்பது. பஸ், மெஸ், விடுதி, சீருடை, 'பிளேஸ்மென்ட் ட்ரெய்னிங்', ஆய்வகக் கட்டணம் என்று மேலே ஏறுவது தனி. விடுதியும் மெஸ்ஸும் சேர்ந்து டியூஷன் ஃபீஸைத் தாண்டிவிடும் கல்லூரிகள் ஏராளம். மருத்துவத்தில் இந்த இடைவெளி இன்னும் கொடுமை: சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்குச் சுமார் நாலரை லட்சம் என்றால், அதே கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு அதைப்போல மூன்று மடங்கு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு இருபது லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு.

ரசீதில் வராத பணம் ஒன்றும் இருக்கிறது. நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாடு 1992லேயே சட்டம் போட்டுத் தடை செய்தது. அதனாலேயே அது ரொக்கமாகப் போகிறது, ரசீது கிடையாது. ரசீது இல்லாத பணத்துக்கு வங்கிக் கடன் கிடையாது. எனவே அந்தத் தொகை நகைக் கடனாகவும், 'மூணு வட்டி'க் கடனாகவும், கிரயம் போன நிலமாகவும் வீட்டுக்குள் வருகிறது. மூணு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று, ஆண்டுக்கு 36 சதவீதம். கல்விக் கடன் பற்றிய எந்தப் புள்ளிவிவரத்திலும் இந்தக் கடன் இருக்காது. ஆனால் மகன் வேலைக்குப் போனதும் முதல் சம்பளம் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் இதுதான், வங்கி அல்ல. ஒரு குடும்பம் வங்கித் தவணையைத் தவறவிடுவதற்குப் பின்னால், வாசலில் வந்து நிற்கும் இன்னொரு கடன்காரர் இருப்பது மிகச் சாதாரணம். அதனால் கவுன்சலிங்கில் கிடைக்கும் சுமாரான கல்லூரியை விட்டுவிட்டு, பெயருக்காக மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணம் கொட்டுவதற்கு முன் இந்த இரண்டாவது கடனையும் காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். இன்னொன்று: மேனேஜ்மென்ட் கோட்டா மாணவருக்குக் கடன் கொடுக்கும் வங்கிகளும் பெரும்பாலும் அரசு நிர்ணயித்த கட்டணம் வரைக்கும்தான் கொடுக்கும்.

கடனைப் பற்றி யோசிப்பதற்கு முன், கடனே தேவைப்படாமல் செய்யும் வழிகளைப் பார்த்துவிட வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் டியூஷன், விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. 2021 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கவுன்சலிங் இடத்துக்கு டியூஷன் ஃபீஸில் சலுகை உண்டு. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். இரண்டரை லட்சத்துக்குள் ஆண்டு வருமானம் உள்ள ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பங்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. ஐஐடிகளில் 2016இல் பி.டெக். கட்டணத்தை 90,000இலிருந்து 2 லட்சமாக ஏற்றினார்கள். அப்போதே ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஒரு லட்சத்துக்குக் கீழ் வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு முழு விலக்கும், ஐந்து லட்சம் வரை உள்ளவர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு விலக்கும் வைத்தார்கள். அது தெரியாமல் 'ஐஐடி நமக்குக் கட்டாது' என்று விட்டுவிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சலுகை போக மிச்சத் தொகைக்கு மட்டும் கடன் கேளுங்கள். 'லிமிட் இருக்கு, முழுசா எடுத்துக்கங்க' என்று கிளையில் சொன்னாலும் சரி. இன்று கூடுதலாக எடுக்கும் பத்தாயிரம், முதலாண்டு எடுத்ததாக இருந்தால், தவணை தொடங்கும்போது பதினைந்தாயிரம்.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் 2001இல் வந்தது. அரசு வங்கிகள் எல்லாம் ஏறக்குறைய அதைத்தான் பின்பற்றுகின்றன. நாலு லட்சம் வரை அடமானம் கிடையாது, கைப்பணமும் போட வேண்டாம், பெற்றோர் சேர்ந்து கையெழுத்திட்டால் போதும். அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம், வெளிநாட்டுக்கு 15 சதவீதம் நம் பங்கு. உதவித்தொகை வந்தால் அதையே இந்தப் பங்காகக் காட்டலாம். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து அடமானம். 2015இல் கல்விக் கடன்களுக்கென்று உத்தரவாத நிதி ஒன்றை மத்திய அரசு ஏற்படுத்தியது. ஏழரை லட்சம் வரையான கடன் வராமல் போனால் வங்கிக்கு 75 சதவீதத்தை அந்த நிதி கொடுக்கும். அந்த நிதியின் கீழ் வரும் கடனுக்கு மூன்றாம் நபர் ஜாமீன் கேட்கக் கூடாது. கிளையில் ஜாமீன் கேட்டால், 'இந்தக் கடன் உத்தரவாதத் திட்டத்தில் வருகிறதா, ஜாமீன் எந்த விதிப்படி?' என்று எழுத்தில் கேளுங்கள். பேச்சு மாறும். ஒரு தவறான எண்ணத்தையும் இங்கேயே களைந்துவிட வேண்டும்: உத்தரவாத நிதி வங்கிக்குத்தான் பணம் கொடுக்கிறது, மாணவரின் கடன் அப்படியே இருக்கும்.

டியூஷன், தேர்வு, ஆய்வகம், விடுதி எல்லாம் கடனில் அடங்கும். புத்தகம், மடிக்கணினி, புராஜெக்ட், கல்விச் சுற்றுலா போன்றவை மொத்த டியூஷன் ஃபீஸில் 20 சதவீதத்துக்குள். திருப்பித் தரும் டெபாசிட், கட்டட நிதி 10 சதவீதத்துக்குள். ஆனால் இவை எல்லாம் முதலில் கல்லூரி கொடுக்கும் போனஃபைட் சான்றிதழில், அதாவது மாணவர் அங்கே படிப்பதையும் கட்டணத்தையும் சொல்லும் தாளில், வர வேண்டும். பெரும்பாலான சிக்கல் தொடங்கும் இடம் இந்த ஒற்றைத் தாள். நான்கு ஆண்டுக்கும் தலைப்புவாரியாகப் பிரித்து எழுதாமல், முதலாண்டு மொத்தத் தொகையை மட்டும் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வங்கி அதை வைத்துத்தான் லிமிட் போடும். மூன்றாம் ஆண்டில் விடுதிக் கட்டணம் கேட்டால் 'சாங்ஷன்ல இல்லையே' என்று பதில் வரும். ஆண்டுவாரியாக, டியூஷன், விடுதி, மெஸ், பஸ், புத்தகம் என்று தனித்தனியாகப் போட்டு, கல்லூரியின் வங்கிக் கணக்கு எண்ணோடு, கையெழுத்தும் முத்திரையும் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள்.

கவுன்சலிங் ஒதுக்கீட்டு ஆணை, பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மாணவர், பெற்றோர் இருவருடைய ஆதார், பான், வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, சாதிச் சான்று: இந்தக் கட்டு ஒதுக்கீட்டு ஆணை வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். மாணவருக்குப் பதினேழு வயதுதான் என்றால் பெற்றோர் கையெழுத்தில் கடன் தொடங்கும். பதினெட்டு நிறைந்ததும் மாணவர் வந்து ஏற்புக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டும். விண்ணப்பத்தைக் கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் பதிவதோடு நிறுத்தாமல், கிளையிலும் ஒரு படி கொடுத்துத் தேதியோடு முத்திரை வாங்குங்கள். கல்லூரி ஃபீஸ் கேட்கும் நாளும் சாங்ஷன் கடிதம் வரும் நாளும் ஒருபோதும் பொருந்தாது. நடுவில் நகையை வைத்துத்தான் முதல் தவணை ஃபீஸைக் கட்ட வேண்டியிருக்கும். விண்ணப்பம் அதற்கு முன்பே கொடுக்கப்பட்டதற்கு அத்தாட்சி இருந்தால், ரசீதைக் காட்டி அந்தப் பணத்தைத் திரும்பப் பெறுவது சுலபம். ரசீது இல்லாமல் ஜிபேயில் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினால் நடக்காது.

'இது எங்க ஏரியா இல்லை' என்பது பழைய பாட்டு. கல்விக் கடனுக்குச் சேவைப் பகுதி விதி பொருந்தாது என்று ரிசர்வ் வங்கி 2012 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. கடனை மறுத்தால் மேலதிகாரியின் ஒப்புதலோடு, காரணத்தை எழுதித் தர வேண்டும். விண்ணப்பத்தை 15 நாள் முதல் ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். வாய்மொழியாகத் திருப்பி அனுப்பினால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் எழுதிக் கொடுக்கலாம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கும் மனுவும் சுற்றி அவரிடம்தான் வரும். ஆட்சியர்கள் நடத்தும் கல்விக் கடன் முகாமில் எல்லா வங்கிகளும் ஒரே கூடத்தில் இருப்பதால் அங்கே 'ஏரியா' பேச்சு எடுபடாது. சிபில், அதாவது பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டும் பதிவு, அதைக் காரணம் காட்டுவதும் உண்டு. மாணவரின் சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காகக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் சொன்னது. தமிழ்நாட்டுக் கிளையை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் மனுவில் எடுத்துக்காட்ட உதவும். தந்தை வேறு கடனைக் கட்டாமல் விட்டிருந்தால், தாயையோ வருமானம் உள்ள வேறு நெருங்கிய உறவினரையோ இணைக் கடனாளியாக வைக்கக் கேட்பது சண்டை போடுவதைவிட விரைவான வழி.

இனி, இந்தக் கட்டுரை எழுதக் காரணமான வட்டி மானியம். 2009-10 முதல் மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் ஒன்று இருக்கிறது. பெற்றோரின் மொத்த ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், படிப்புக் காலமும் அதன் பிறகு ஓராண்டும் ஏறும் வட்டி முழுவதையும் அரசு கட்டிவிடும். தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்குத்தான், சாதாரண பி.ஏ., பி.எஸ்சி.க்கு இல்லை. இந்தியாவுக்குள் படிக்க வேண்டும். 2018க்குப் பிறகு நாக் (NAAC) தர அங்கீகாரம் பெற்ற கல்லூரியாகவோ என்பிஏ (NBA) தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவாகவோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. மேலே போட்ட கணக்கில் இந்த மானியம் கிடைத்தால், தவணை தொடங்கும் நாளில் கடன் 8.10 லட்சம் அல்ல, 6 லட்சம். மாதத் தவணை 10,704 அல்ல, 7,929. பத்தாண்டில் மிச்சம் 3 லட்சத்து 33 ஆயிரம் ரூபாய். தாசில்தார் தரும் ஒரு வருமானச் சான்று சரியான நேரத்தில் வங்கிக்குப் போகாததால் ஒரு குடும்பம் இழக்கும் தொகை இது.

எங்கே தவறுகிறது? கடன் வாங்கும்போது வருமானச் சான்று கொடுத்திருப்பார்கள். கிளையில் அதைக் கோப்பில் வைத்துவிட்டு மானியக் கோரிக்கையில் ஏற்ற மறந்திருப்பார்கள். எல்லா வங்கிகளின் கோரிக்கையும் கனரா வங்கி வழியாக, ஆண்டுக்கொரு முறை, குறிப்பிட்ட காலத்துக்குள் போக வேண்டும். அந்த வாசல் மூடிவிட்டால் அந்த ஆண்டு போனதுதான். ஆதார் எண்ணில் ஒரு இலக்கம் தவறு, கல்லூரிப் பெயர் பட்டியலில் இருப்பதுபோல் இல்லை, மேலாளர் மாறிவிட்டார், இப்படிக் காரணங்கள். வருமானச் சான்றில் 4,50,000க்கு மேல் போட்டுவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. பாதியில் படிப்பை விட்டாலோ, கல்லூரி வெளியேற்றினாலோ மானியம் நிற்கும். மருத்துவக் காரணம் மட்டும் விதிவிலக்கு. இளநிலைக்கோ முதுநிலைக்கோ ஒருமுறைதான். எனவே ஒவ்வோர் ஆண்டும் கடன் கணக்கின் ஸ்டேட்மென்டை வாங்கி, வட்டி பற்று வைத்த வரிக்கு எதிராக மானிய வரவு வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அந்த ஆண்டே கிளைக்கு எழுதுங்கள். படிப்பு முடிந்த பிறகு நான்காண்டுக்குச் சேர்த்துக் கேட்டு வாங்கியவர்கள் அபூர்வம்.

2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி திட்டம் இதற்கு மேலே இன்னொரு படி. அடமானமும் ஜாமீனும் இல்லாத கடன். எட்டு லட்சம் வரை குடும்ப வருமானம் உள்ளவர்களுக்கு, பத்து லட்சம் வரையான கடனில், மாரடோரியக் காலத்துக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. நம் கணக்கில் இது 63,000 ரூபாய். ஆனால் தரவரிசையில் முன்னால் நிற்கும் நிறுவனங்களுக்குத்தான். தொடங்கியபோது நாடு முழுக்க 860. தகுதி அடிப்படையில் இடம் பெற்றவர்களுக்குத்தான். சலுகைக்கு மாணவரே அந்தத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தவருக்கு எப்படியும் வங்கி கடன் கொடுக்கும். வெறுங்கையோடு அலைபவர் தரவரிசையில் இல்லாத கல்லூரி மாணவர்தான். திட்டம் அவரைத் தொடவே இல்லை என்பது என் மனக்குறை.

மானியம் கிடைக்காதவர்களுக்கு ஒரு வழி உண்டு: படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவருவது. அப்படிக் கட்டினால் அந்தக் காலத்துக்கு வட்டியில் 1 சதவீதம் தள்ளுபடி என்பது மாதிரித் திட்டத்திலேயே இருக்கிறது. முதலாண்டு மாதம் 1,125 ரூபாய், இரண்டாமாண்டு 2,250, பிறகு 3,375, நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில் 4,500. ஐந்தாண்டில் மொத்தம் 1 லட்சத்து 89 ஆயிரம். கட்டாமல் விட்டதோடு ஒப்பிட்டால், பத்தாண்டு முடிவில் நிகர மிச்சம் 1 லட்சத்து 44 ஆயிரம். முழுதாக முடியாவிட்டாலும் முதலிரண்டு ஆண்டு வட்டியையாவது கட்டலாம். ஆனால் மூணு வட்டிக்கு வாங்கி இதைக் கட்டுவது பைத்தியக்காரத்தனம். கையில் ஆயிரம் ரூபாய் இருந்தால் அது முதலில் போக வேண்டிய இடம் 36 சதவீதக் கடன்தான்.

வங்கியல்லாத நிதி நிறுவனங்களிடம் வாங்குபவர்கள் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்: மாரடோரியத்தில் தனி வட்டியா, மாதக் கூட்டு வட்டியா? அதே ஆறு லட்சம், அதே 10 சதவீதம், மாதக் கூட்டு வட்டி என்றால் தவணை தொடங்கும் நாளில் 8 லட்சத்து 55 ஆயிரம். 45,000 ரூபாய் கூடுதல். அங்கே வட்டி விகிதமும் 10ல் நிற்பதில்லை. பிராசஸிங் கட்டணம் தனி. கடனோடு ஒட்டி விற்கும் காப்பீட்டுப் பிரீமியத்தைக் கடனிலேயே சேர்த்துவிடுவார்கள். வங்கிகளிலும் இது நடக்கிறது. கட்டாயமா என்று எழுத்தில் கேளுங்கள். ஆனால் காப்பீடே வேண்டாம் என்று சொல்லவும் மாட்டேன். மாணவர் இறந்துபோனால் இணைக் கடனாளியான பெற்றோர்தான் முழுக் கடனுக்கும் பொறுப்பு. தனியாக ஒரு டேர்ம் பாலிசி எடுப்பது பெரும்பாலும் மலிவு.

இரண்டாமாண்டு முதல் பணம் தானாகப் போகாது. ஒவ்வொரு முறையும் கல்லூரியின் கட்டணக் கடிதம், முந்தைய செமஸ்டர் மதிப்பெண், முன்பு அனுப்பிய தொகைக்கு ரசீது இவை மூன்றும் வேண்டும். அரியர் அதிகம் இருந்தால் பணத்தை நிறுத்திவைக்கும் கிளைகள் உண்டு. கல்லூரி அபராதம் போடும். அபராதத்தை வங்கி தராது. தேர்வு முடிவு வந்த வாரமே கிளைக்குப் போய்விடுவது நல்லது. சேர்ந்த கல்லூரியை விட்டு வேறிடம் மாறினால், பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018இல் வெளியிட்ட அறிவிப்பின்படி, அறிவிக்கப்பட்ட கடைசிச் சேர்க்கைத் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னால் விலகினால் முழுக் கட்டணமும் (அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடித்தம்), அதற்குப் பிறகு கடைசித் தேதி வரை 90 சதவீதம், கடைசித் தேதி முடிந்து 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50 சதவீதம் திரும்ப வர வேண்டும். திரும்பி வரும் பணம் கடன் கணக்குக்குப் போக வேண்டும், கைக்கு வந்து கரைந்துவிடக் கூடாது. அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கல்லூரிக்கு உரிமை இல்லை என்பதும் அதே அறிவிப்பில் உண்டு.

வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி ஒன்று மட்டும். கடன் ரூபாயில், செலவு டாலரிலோ பவுண்டிலோ. 2014இல் சுமார் 60 ரூபாய்க்குக் கிடைத்த டாலர் 2024இல் 84. சாங்ஷன் ஆன தொகை இரண்டாமாண்டில் போதாமல் போவது அதனால்தான். அடமானமாக வைக்கும் வீட்டின் பட்டா தாத்தா பெயரிலேயே இருந்தால் வழக்கறிஞர் கருத்துரையில் நிற்கும். பட்டா மாற்றத்தையும் வில்லங்கச் சான்றையும் விசா வேலைக்கு முன்பே தொடங்குங்கள்.

படிப்பு முடிந்த நாளில் செய்ய வேண்டியது, கிளைக்குப் போய்த் தவணை எப்போது, எவ்வளவு என்று எழுத்தில் கேட்பது. மேற்படிப்புக்குச் சேர்ந்தால் அதைச் சொல்லி மாரடோரியத்தை நீட்டிக்கலாம். சொல்லாவிட்டால் வங்கி பழைய தேதியிலேயே தவணை கேட்கும். வேலை கிடைக்கவில்லை என்றால், கடன் காலத்தில் இரண்டு மூன்று முறை தவணை விடுப்பு கேட்க இடம் உண்டு. தொடக்கத்தில் குறைவாகவும் சம்பளம் ஏற ஏறக் கூடுதலாகவும் தவணை வைக்கும் முறையும் உண்டு. இவற்றை வங்கி தானாகச் சொல்லாது. கேட்க வேண்டிய நேரம், கணக்கு வராக்கடன் ஆவதற்கு முன்பு, அதாவது தவணை தவறி 90 நாளுக்குள். பத்தாண்டா பதினைந்தா என்று கேட்டால், பதினைந்து ஆண்டில் மொத்தம் 2 லட்சத்து 82 ஆயிரம் கூடுதல் போகிறது. என்றாலும் பதினைந்தை எடுத்துக்கொண்டு, முடியும் மாதங்களில் கூடுதலாகக் கட்டுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. முன்கூட்டிக் கட்டினால் அபராதம் இல்லை. வேலை போனால் 8,704ஐச் சமாளிப்பது 10,704ஐச் சமாளிப்பதைவிட எளிது. கூடுதல் தொகையை அசலில் வரவு வைக்கச் சொல்லுங்கள்.

வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்கான கழிவை (1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80இ பிரிவு) பெரிய வரமாகப் பேசுவார்கள். கட்டும் வட்டி முழுவதற்கும் கழிவு, உச்சவரம்பில்லை, எட்டு ஆண்டுக்கு. ஆனால் பழைய வரி முறையில் மட்டும். மூன்றரை லட்சம் சம்பளக்காரருக்கு எந்த முறையிலும் வரியே வராது, அவருக்கு இதனால் ஒரு பைசா லாபமில்லை. இது வசதியானவர்களுக்கான சலுகை. எட்டாண்டுக் கணக்கு முதன்முதலில் வட்டி கட்டிய ஆண்டிலேயே தொடங்கிவிடும் என்பதை அவர்கள் நினைவில் வைக்கட்டும்.

தள்ளுபடி வரும் என்று காத்திருப்பவர்களிடம் கடுமையாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 2021 தேர்தலில் முப்பது வயதுக்குட்பட்டோரின் கல்விக் கடன் தள்ளுபடி பற்றி வாக்குறுதி வந்தது. அதை நம்பித் தவணையை நிறுத்தியவர்களின் சிபில் சரிந்ததுதான் மிச்சம். அரசு வங்கிக் கிளார்க் வேலைக்கே இப்போது சிபில் பார்க்கிறார்கள். கடன் தவறியவர் என்று ஒருவரின் நியமனத்தை அரசு வங்கி ரத்து செய்தது சரிதான் என்று 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலை இல்லாததால் கடன் கட்ட முடியவில்லை, கடன் கட்டாததால் வேலை இல்லை. இது அநியாயம் என்று எனக்கும் தோன்றுகிறது, ஆனால் விதி இன்று அப்படித்தான் இருக்கிறது.

ஏற்கெனவே வராக்கடன் ஆகிவிட்டதா? பயப்பட வேண்டாம், ஒளிய வேண்டாம். கடன் கட்டாதது சிவில் விவகாரம், போலீஸ் கைது செய்யாது. வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது, உறவினர்களிடமோ நண்பர்களிடமோ சொல்லி அவமானப்படுத்தக் கூடாது. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி போட்ட விதி இது. மீறினால் அழைப்புப் பதிவோடு வங்கிக்குப் புகார். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், கட்டணமில்லை. பழைய கடனுக்குக் 'கையெழுத்து மட்டும் போடுங்க' என்று கொண்டுவரும் காகிதத்தைப் படிக்காமல் தொடாதீர்கள். பெரும்பாலும் அது கடனை ஒப்புக்கொள்ளும் கடிதம். வழக்குப் போடுவதற்கான மூன்றாண்டுக் காலவரம்பு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். மக்கள் நீதிமன்றத்துக்கு நோட்டீஸ் வந்தால் போங்கள். அங்கே அபராதமும் வட்டியில் ஒரு பகுதியும் குறைய வாய்ப்புண்டு. ஆனால் ஒப்புக்கொண்ட பிறகு மேல்முறையீடு இல்லை, எனவே கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் தலையாட்டுங்கள். பேரம் பேசி முடித்த கடன் சிபிலில் 'செட்டில்டு' என்று நிற்கும். முழுதாகக் கட்டி முடித்ததற்குச் சமமாக அதை யாரும் மதிப்பதில்லை. ஐந்து, பத்தாயிரம் வித்தியாசத்தில் முழுதாக அடைக்க முடியுமென்றால் அடைத்துவிடுவது மேல்.

கட்டி முடித்ததும் நிலுவையின்மைச் சான்று வாங்குங்கள். வீட்டுப் பத்திரம் வைத்திருந்தால் 30 நாளுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பத்திரத்தை வாங்கியதோடு போகாமல், பதிவு அலுவலகத்தில் அடமானத்தை ரத்து செய்யும் ரசீது ஆவணத்தையும் பதிந்துவிடுங்கள், இல்லையென்றால் வில்லங்கத்தில் கடன் காட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு மாதம் கழித்து மாணவர், இணைக் கடனாளி இருவருடைய சிபில் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். கணக்கு மூடப்பட்டதாகக் காட்டவில்லை என்றால் திருத்தக் கோரிப் புகார் கொடுக்கலாம். 30 நாளுக்குள் திருத்தாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்குச் சேர வேண்டும்.